டேப்புக்கு இந்தப் பக்கம்

பேடில் நாலு பொட்டு,
பட்டாணி அளவு என்று போட்டிருந்தது.
நான் நெல்லிக்காய் அளவு வைத்தேன்.
குறைத்து வைத்துப் பழக்கமில்லை எங்கள் வீட்டில்.

சுழலவிட்ட பிறகுதான்
தகட்டில் வைக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன்.
முதல் நொடியிலேயே
காம்பவுண்டுச் சுவர், என் மூக்குக் கண்ணாடி,
மேல்வீட்டுக் கோட்டீஸ்வரி ராத்திரி காயப்போட்ட
இரண்டு தலையணை உறை, ஒரு பள்ளிச் சட்டை
எல்லாவற்றிலும் வெள்ளைப் புள்ளி.
முதலில் வை. பிறகு அழுத்து.
எனக்கு இதைச் சொன்னது அந்தச் சட்டை.

சத்துவாச்சாரியில் சித்திரை.
எட்டு மணிக்குமேல் பானட்டில் கை வைக்க முடியாது,
பூசிய மருந்து
கல்லில் ஒட்டிய தோசையாகிவிடும்.
அதனால் விடியற்காலை நாலேமுக்கால்.
அதனால் டார்ச்.

ரத்த வங்கியில் பதினாறு வருஷம்
கண்ணாடிச் சில்லில் ஒரு துளியை இழுத்து
வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்த கண் இது.
சாய்த்துப் பிடித்தேன்.
கறுப்புக்குள் சிலந்தி வலை,
வலைக்குள் இன்னொரு வலை,
ஊடே போர்த் தண்ணீர் உலர்ந்த உப்பு வளையங்கள்.

ஆரணிக்காரர் வைத்திருந்த வண்டி.
“பிள்ளை மாதிரி மேடம், தினமும் துடைப்பேன்”
என்று சொல்லித்தான் விற்றார்.
பொய் சொல்லவில்லை.
புழுதியோடு, உலர்ந்த துணியால்,
தினமும் துடைத்தது தெரிகிறது
வட்டம் வட்டமாக.
எதிரி போட்ட கோடு ஒன்றே ஒன்று,
பின்கதவில், சாவியால்.
மற்றதெல்லாம் அக்கறை.

பானட்டின் குறுக்கே டேப் ஒட்டி
வலப்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.
அழுத்தினால் சுற்றாது, நடுங்கும்.
சுற்றுகிறதா என்று பார்க்க
பேடின் முதுகில் மார்க்கரால் ஒரு கோடு.
கோட்டையே பார்த்துக்கொண்டு
மெதுவாக, இன்னும் மெதுவாக,
கைக்குள் எறும்பு ஊர்ந்து தோள்வரை ஏற,
கோலத்துக்குப் புள்ளி வைக்கிற நிதானம்கூட
போதவில்லை.

ஓரத்தில் ஒரு மேடு ஓடுகிறது.
அங்கே பெயிண்ட் மெலிசு என்று தெரியாது.
ஒரே ஒரு சுற்று அதிகம்.
மிளகளவு சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது.
கையை எடுத்துவிட்டேன்.
எடுத்த பிறகும் கை நடுங்கியது,
இந்த முறை மெஷினால் இல்லை.

பாலிஷ் என்றால் ஏதோ பூசுவது என்றிருந்தேன்.
இல்லை, தேய்த்து எடுப்பது.
ஒரு தாள் கனம்கூட இல்லாத பளபளப்பு.
அதிலிருந்தே கொஞ்சம் எடுத்து
அதற்கே கொடுக்கிறேன்.
எத்தனை தடவை கொடுக்கலாம்
என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

ஐந்து ஐம்பதுக்குக் கரண்ட் போனது.

துணியால் ஒற்றி எடுத்து
டேப்பைப் பிரித்தேன்.
அந்தப் பக்கம், நேற்று.
இந்தப் பக்கம்
எதிர்மலை தலைகீழாக, பாறை பாறையாக,
ஒரு பாறையின் நிழல்கூட விடாமல்.
கொடியும் இருந்தது,
புள்ளி விழுந்த சட்டையோடு.

கோட்டீஸ்வரி சண்டைக்குத்தான் இறங்கி வந்தாள்.
உறையைக் கையில் சுருட்டியபடி
பானட்டில் தன் முகத்தைப் பார்த்தாள்,
பொட்டை நடுவுக்கு நகர்த்திக்கொண்டாள்,
அப்புறம்தான் ஆரம்பித்தாள்.
துவைத்துத் தருகிறேன் என்றேன்.
“அது மாவா, மருந்தா? புள்ளைக்கு ஒத்துக்குமா?”
பாட்டிலை எடுத்து எழுத்தைத் தேடினேன்,
கட்டைவிரல் அதை அழித்திருந்தது.

ஏழு மணி டியூட்டிக்கு அப்படியே எடுத்துப் போனேன்,
பாதி ஆரணி, பாதி நான்.
கிரீன் சர்க்கிள் நெரிசலில் ஒருவரும் திரும்பவில்லை.
பார்க்கிங்கில் தணிகாசலம்
டோக்கனை நீட்டியவர், கொடுக்காமல்
ஒரு சுற்று சுற்றி வந்தார்.
சாம்பல் மிளகைத் தொட்டுப் பார்த்தார்.
வானத்தைப் பார்த்தார்.

“இன்னாம்மா,
இந்தப் பாதி மேல மட்டும் மழ பேஞ்சிகீது?”

ஞாயித்துக்கெழம மீதியும் பேயும் என்றேன்,
கரண்ட் இருந்தா.